எத்தனை செட் போதும்?

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஒரு நிலவறையில் இயங்கியது டெம்பிள் ஜிம். 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற டோரியன் யேட்ஸ் உடலை வளர்த்தது அங்கேதான். வாரத்தில் நான்கு நாள் மட்டும் வருவார், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். ஒவ்வொரு பயிற்சியிலும் எடையைப் படிப்படியாகக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு செட்டில் இருக்கிற பலத்தையெல்லாம் கொட்டுவார். கை இனி அசையாது என்று ஆன பிறகும், கூட நிற்பவர் விரல் கொடுக்க, இன்னும் ஓரிரு ரெப் எடுப்பார், அதாவது இன்னும் ஓரிரு முறை தூக்கி இறக்குவார். அதோடு அந்தப் பயிற்சி முடிந்தது. அவர் அடுத்ததுக்குப் போய்விடுவார்.

அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையில், கோல்ட்ஸ் ஜிம்மில், வேறொரு கணக்கு நடந்தது. ஆர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் வாரத்தில் ஆறு நாள், பல நாள்களில் காலையும் மாலையும் என இரு வேளை, ஒரு தசைக்கு 20 செட்டுக்கும் மேல் போட்டுப் பழகினார். 1970 முதல் 1975 வரை ஆறு முறை, 1980-இல் மறுபடியும் ஒருமுறை என அதே மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் அவருக்குக் கிடைத்தது.

ஒருவர் ஒரு செட், இன்னொருவர் இருபது செட், இருவருக்கும் ஒரே கிரீடம். ஜிம்முக்குப் புதிதாக வரும் இளைஞர் குழம்பிப் போவதில் வியப்பில்லை. மாஸ்டர் ஒன்று சொல்கிறார், பக்கத்தில் பயிற்சி செய்யும் அண்ணன் இன்னொன்று சொல்கிறார், கைப்பேசியில் வரும் வீடியோ மூன்றாவதாக ஒன்று சொல்கிறது. எவ்வளவு கடினமாக, எவ்வளவு அளவு, எந்த வேகத்தில் கூட்டிக்கொண்டே போவது என்ற மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் தனியே பிரித்து விடை தேடுவதால்தான் இத்தனை சண்டையும்.

இந்தக் கேள்விகளை முதன்முதலில் ஒழுங்காக எழுப்பியவர்களில் முக்கியமானவர் ஒரு ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், சிகாகோவின் கார்டினர் பொது மருத்துவமனை காயம்பட்ட அமெரிக்க வீரர்களால் நிரம்பி வழிந்தது. முழங்கால் சேதமடைந்தவர்களும் தொடை எலும்பு முறிந்தவர்களும் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததில் தொடைத் தசை சூம்பிப்போயிருந்தது. லேசான எடையைப் பலமுறை தூக்க வைப்பதே அன்றைய மருத்துவ வழக்கம். தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர் அதை மாற்றினார். சிறுவயதில் வாதக் காய்ச்சலில் விழுந்து, எடைப் பயிற்சியால் உடம்பைத் தேற்றிக்கொண்டவர் அவர். நோயாளியின் பாதத்தில் இரும்புக் காலணி ஒன்றைக் கட்டி, அதில் எடை மாட்டிக் காலை நீட்ட வைத்தார். சரியாகப் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று ஒவ்வொருவருக்கும் கண்டுபிடித்தார். வாரம் ஒருமுறை அதை மறுபடி சோதித்து, பலம் கூடியிருந்தால் எடையையும் கூட்டினார். 1945-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இன்று உலகெங்கும் ஜிம்களில் நடக்கும் ‘படிப்படியாகக் கூட்டுதல்’ என்ற முறைக்கு மருத்துவ அடித்தளம்.

அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி அதன் பிறகு வருவது. தொடக்கத்தில் டிலோர்ம் பத்துப் பத்தாக ஏழு முதல் பத்து செட் போட வைத்தார், அதாவது 70 முதல் 100 ரெப் வரை. நோயாளிகளின் முன்னேற்றத்தைத் தொடர்ந்து கவனித்த பிறகு, அவ்வளவு தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து வெளியிட்ட திருத்தத்தில் மூன்றே செட் இருந்தது. முதல் செட் அந்தப் பத்து ரெப் எடையில் பாதியில், இரண்டாவது முக்கால் பங்கில், மூன்றாவது முழு எடையில். அளவைக் கணிசமாகக் குறைத்தவர் எடை கூடிக்கொண்டே போக வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் தளர்த்தவில்லை.

பிறகு வந்தவர்கள் இந்த நிதானத்தைக் கைவிட்டார்கள். 1970-இல் நாட்டிலஸ் என்ற பயிற்சி இயந்திரங்களை விற்கத் தொடங்கிய ஆர்தர் ஜோன்ஸ், ஒரு செட் போதும், ஆனால் அது இனி முடியாது என்ற எல்லை வரை போக வேண்டும் என்று அடித்துச் சொன்னார். அதை நிரூபிக்க 1973 மே மாதம் கொலராடோவில் ஒரு பரிசோதனையும் நடத்தினார். கேசி வியேட்டர் என்ற இளம் ஆணழகனுக்கு 28 நாளில் 45 பவுண்டு, அதாவது 20 கிலோவுக்கு மேல், எடை கூடியது. கொழுப்பும் குறைந்ததால் தசை மட்டும் 63 பவுண்டு வளர்ந்தது என்று ஜோன்ஸ் கணக்குக் காட்டினார். ஆனால் வியேட்டர் 1971-இலேயே மிஸ்டர் அமெரிக்கா பட்டம் வென்றவர். விபத்தில் அடிபட்டு, அதற்குப் போட்ட ஊசியும் ஒத்துக்கொள்ளாமல், பயிற்சி நின்று உடம்பு இளைத்திருந்த நேரத்தில் அந்தச் சோதனை தொடங்கியது. இழந்த தசை திரும்பி வருவது புதிய தசை வளர்வதைவிட வேகம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் சொல்வது படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

ஜோன்ஸின் கருத்தை மைக் மென்ட்சர் மேலும் பரப்பினார். அவர் 1978 மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் முழு மதிப்பெண் பெற்றவர். இவர்கள் இருவரின் எழுத்தையும் படித்து, தன் உடம்பில் சோதித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டவர்தான் யேட்ஸ். பயிற்சி தொடங்கிய 1980-களிலிருந்தே என்ன எடை, எத்தனை ரெப், எப்படி இருந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தவர் அவர். கூட்டுவதும் குறைப்பதும் அந்தப் பக்கங்களைப் பார்த்தே நடந்தது.

இனி அந்த ஒன்றுக்கும் இருபதுக்கும் வருவோம். யேட்ஸ் கடைசி உச்ச செட்டை மட்டுமே எண்ணினார். அதற்கு முன் போட்ட செட்கள் அவருக்குச் சூடேற்றல். நம் ஊர் ஜிம்மில் அந்த எடைகளை யாராவது தூக்கினால், அதுவே அன்றைய முக்கிய செட் என்று எண்ணப்படும். தவிர, மார்புக்கு ஒரே பயிற்சியோடு அவர் நிறுத்தியதில்லை, மூன்று நான்கு வகை செய்தார். மறுபக்கம், இருபது செட் போடுகிறவர் லேசான எடையில் தொடங்கி மேலே ஏறுவதால், அவருடைய எல்லா செட்டும் எல்லையைத் தொடுவதில்லை. இருவரும் எண்ணிய விதமே வேறு. உண்மையில் கடினமாக இருந்த செட்களை மட்டும் எண்ணினால், இரு முகாம்களுக்கும் இடையிலான தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

இந்த வீரர்களின் திட்டத்தை அப்படியே எடுத்துச் செய்ய நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து உச்சப் போட்டியாளர்கள் ஸ்டீராய்டு பயன்படுத்தினார்கள். ஆர்னால்டும் யேட்ஸும் அதைப் பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை 1996-இல் ஷலேந்தர் பாசின் குழு அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பத்து வாரம், வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு எடைப் பயிற்சியே செய்யாதவர்களுக்குக் கொழுப்பற்ற உடல் எடை சராசரி 3.2 கிலோ கூடியது. மருந்தில்லாமல் பயிற்சி செய்தவர்களுக்குக் கூடியது 1.9 கிலோ. சும்மா இருந்தவர் பயிற்சி செய்தவரை மிஞ்சினார். அத்தகைய உடம்பு தாங்கும் அளவையும், அது தேறும் வேகத்தையும், காலையில் இட்லி சாப்பிட்டு வேலைக்குப் போய் மாலையில் ஜிம்முக்கு வருகிற ஒருவர் தனக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டால் அவருக்கு மிஞ்சுவது ஏமாற்றமும் மூட்டு வலியும்தான்.

தசை எதனால் வளர்கிறது? தசை நார்கள் பெரும் இழுவிசையைத் தாங்கிச் சுருங்கும்போது உயிரணுவுக்குள் கிடைக்கும் சமிக்ஞையே முதன்மைக் காரணம். மூளை எல்லா நார்களையும் ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிடாது. சிறிய நரம்பணுக்களின் கீழுள்ள நார்கள் முதலில் வரும், தேவை கூடக்கூடப் பெரியவை சேரும். எல்வுட் ஹென்மன் 1957 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் விளக்கிய வரிசை இது. வளரும் திறன் அதிகமுள்ள பெரிய நார்கள் கடைசியில்தான் களத்துக்கு வருகின்றன. கனமான எடை என்றால் முதல் ரெப்பிலேயே அவை வந்துவிடும். லேசான எடை என்றால் மற்றவை களைத்த பிறகு வரும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஃபிலிப்ஸின் குழு கண்டு பலரை அசைத்த முடிவை இந்த வரிசை விளக்குகிறது. ஒருமுறை தூக்க முடிகிற உச்ச எடையில் 30 சதவீதத்தைத் தூக்கியவர்களுக்கும் 80 சதவீதத்தைத் தூக்கியவர்களுக்கும் தொடைத் தசை ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது. இரு தரப்பும் முடியாத எல்லை வரை போனார்கள் என்பதே பொதுவான அம்சம். 2016-இல், ஏற்கெனவே பழகிய 49 ஆண்களை வைத்து அதே குழு 12 வாரம் செய்த ஆய்விலும் இதுவே தெரிந்தது. ‘கனமாகத் தூக்கினால்தான் வளரும், அதிக ரெப் போட்டால் வெட்டு மட்டும்தான் தெரியும்’ என்று ஜிம்களில் இன்றும் சொல்லப்படுவதற்கு ஆதாரமில்லை.

அப்படியானால் ஒவ்வொரு செட்டையும் எல்லை வரை இழுக்க வேண்டுமா? தேவையில்லை. இன்னும் எத்தனை ரெப் மிச்சமிருக்கிறது என்று கேட்டுக்கொள்வது இப்போது பரவலாகியுள்ள அளவுகோல். எல்லையை நெருங்க நெருங்க வளர்ச்சி ஓரளவு கூடுகிறது என்றும், பலம் கூடுவதற்கு அந்த நெருக்கம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்றும் 2024-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஒன்று முதல் மூன்று ரெப் மிச்சம் வைத்து நிறுத்துகிறவர் பலனில் பெரும்பகுதியைப் பெற்றுவிடுகிறார், அடுத்த செட்டுக்கும் மறுநாளுக்கும் தெம்பு வைத்திருக்கிறார். கையை மடக்கும் பயிற்சியில் எல்லையைத் தொடுவது ஆபத்தில்லாதது. முதுகில் பார்பெல் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் அதே துணிச்சல் விலை கேட்கும்.

சிக்கல் என்னவென்றால், மிச்சத்தை மதிப்பிடுவதில் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பிரேசில் ஆய்வாளர்கள் பயிற்சி அனுபவமுள்ள 160 ஆண்களிடம், மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸில் பத்து ரெப்புக்கு வழக்கமாக என்ன எடை எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். சொன்ன எடையைக் கொடுத்து, முடிந்த வரை தூக்கச் சொன்னார்கள். சராசரியாக 16 முறை தூக்கினார்கள். பத்தோடு நிறுத்திவிட்டுக் கடினமாக உழைத்ததாக நம்பியவர்களிடம் ஆறு ரெப் மிச்சமிருந்திருக்கிறது. வாரக்கணக்கில் உடம்பு மாறவில்லை என்று கவலைப்படுகிற ஒருவர் செட்டைக் கூட்டுவதற்கு முன், பவுடர் டப்பா வாங்குவதற்கும் முன், இதைத்தான் சோதிக்க வேண்டும். ஆபத்தில்லாத ஒரு பயிற்சியில், நல்ல முறை குலையாமல், உண்மையான எல்லை எங்கே இருக்கிறது என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்தால் மற்ற நாள்களின் மதிப்பீடு நேராகும். வேகமாகத் தூக்க முயன்றும் எடை தானாக மெதுவாக ஏறத் தொடங்குகிறதா என்பது நம்பகமான அடையாளம். முகத்தைச் சுளிப்பதும் சத்தம் போடுவதும் அடையாளமல்ல.

செட் கடினமாக இருக்கிறது என்று உறுதியான பிறகே எத்தனை என்ற கேள்விக்குப் பொருள் வருகிறது. பிராட் ஷோன்ஃபெல்டு, டான் ஆக்போர்ன், ஜேம்ஸ் கிரீகர் மூவரும் 2017-இல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு தசைக்கு வாரம் ஐந்து செட்டுக்குக் குறைவாகப் போட்டவர்களுக்குச் சராசரி வளர்ச்சி 5.4 சதவீதம். ஐந்து முதல் ஒன்பது வரை போட்டவர்களுக்கு 6.6. பத்தும் அதற்கு மேலும் போட்டவர்களுக்கு 9.8. அளவு கூடினால் பலன் கூடுகிறது என்பது தெளிவு. ஐந்துக்கும் குறைவான செட்டே பாதிக்கு மேல் பலன் தந்துவிட்டது என்பதும் அதே எண்களில் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2019-இல் ஷோன்ஃபெல்டு குழு, பழகிய 34 ஆண்களை மூன்றாகப் பிரித்து ஒரு பயிற்சிக்கு ஒன்று, மூன்று, ஐந்து செட் என எட்டு வாரம் கொடுத்தது. தசை அளவு செட்டோடு சேர்ந்து கூடியது. பலம் மூன்று குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியது. ஒரு செட் குழுவுக்கு ஒரு நாள் பயிற்சி முடிய 13 நிமிடம்தான் ஆனது.

மேல் எல்லையும் உண்டு. ஒரே பயிற்சிக்குப் பத்து செட் போட்டவர்களையும் ஐந்து செட் போட்டவர்களையும் ஒப்பிட்டு சிட்னியில் ஆறு வாரம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், பத்து செட் எந்தக் கூடுதல் பலனும் தரவில்லை. புதியவருக்கு ஒரு தசைக்கு வாரம் ஆறு முதல் பத்து செட், பழகியவருக்குப் பத்து முதல் இருபது என்பது நியாயமான தொடக்கம். பெஞ்ச் பிரஸ் போடும்போது கையின் பின்தசையும் உழைக்கிறது, முதுகுக்கு இழுக்கும்போது கையின் முன்தசை உழைக்கிறது. கைக்கென்று தனியாகப் பன்னிரண்டு செட் திட்டமிடுகிறவர் இதைக் கணக்கில் சேர்த்தால் பல செட் தானாகக் குறையும்.

முதல் நாளிலேயே அளவை அள்ளிக் கொடுப்பது ஆபத்து. பழக்கமில்லாத தசையை வரம்பு மீறி வாட்டினால் நார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள பொருள்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடும் வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ போனால் அது ‘நல்ல பயிற்சியின்’ அறிகுறி என்று யாராவது தேற்றினாலும் கேட்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் வரும் சாதாரணத் தசை வலியும் வளர்ச்சியை அளக்கும் கருவி அல்ல. புதிய அசைவு எதைச் செய்தாலும் அது வரும், பழகினால் போய்விடும்.

படிப்படியாகக் கூட்டுவதில்தான் பொறுமை அதிகம் தேவை. வாரம் 2.5 கிலோ கூட்டினால் ஓராண்டில் 130 கிலோ கூடியிருக்க வேண்டும். யாருக்கும் அப்படி நடப்பதில்லை. முதல் சில வாரங்களில் எடை விறுவிறுவென்று ஏறுவதற்குப் பெரும் காரணம் நரம்பு மண்டலம் அந்த அசைவைக் கற்றுக்கொள்வது. பிறகு வேகம் குறையும். அதைத் தோல்வி என்று நினைத்துப் பலர் அப்போதுதான் திட்டத்தை மாற்றுகிறார்கள், அல்லது போவதையே விட்டுவிடுகிறார்கள். ஜிம்மில் இருக்கும் இரும்பும் ஒத்துழைப்பதில்லை. 100 கிலோ ஸ்குவாட்டில் 2.5 கிலோ கூட்டுவது நாற்பதில் ஒரு பங்கு. 10 கிலோ டம்பெல்லிலிருந்து 12.5-க்குத் தாவுவது கால் பங்கு, அதைத் தோள் தசை ஏற்காது.

அதற்கு வழி ரெப்பைக் கூட்டுவது. எட்டு முதல் பன்னிரண்டு வரை என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, மூன்று செட்டிலும் பன்னிரண்டைத் தொட்ட பிறகு எடையைக் கூட்டி மறுபடி எட்டிலிருந்து ஏறலாம். எடையை மட்டும் கூட்டியவர்களையும் ரெப்பை மட்டும் கூட்டியவர்களையும் 2022-இல் டேனியல் பிளாட்கின் குழு எட்டு வாரம் ஒப்பிட்டபோது, தசை வளர்ச்சி ஏறக்குறைய சமமாகவே இருந்தது. தண்டாலும் பஸ்கியும் எண்ணிக்கையைக் கூட்டியே உடம்பை வளர்த்த நம் மல்லர்கள் செய்ததும் இதுதான்.

இதற்கு ஒரு நோட்டு வேண்டும். தேதி, பயிற்சி, எடை, ரெப், மிச்சம் என ஐந்து கட்டம் போதும். ‘பெஞ்ச் பிரஸ், 50 கிலோ: 10, 9, 8, மிச்சம் 1’ என்று போன வாரம் எழுதியவருக்கு இந்த வாரம் எதைத் தாண்ட வேண்டும் என்று தெரியும். நாலைந்து வாரமாக எண் ஏறவில்லை, தூக்கமும் சாப்பாடும் சரியாக இருக்கின்றன, உடம்பு களைப்பில்லை என்றால் இரண்டு செட் கூட்டிப் பார்க்கலாம். எண் இறங்குகிறது, மூட்டு வலிக்கிறது, ஜிம்முக்குப் போகவே மனம் வரவில்லை என்றால் செட்டைக் குறைக்க வேண்டும். ஒரு செட்டா இருபது செட்டா என்ற வழக்கு இப்படித்தான் தீர்கிறது, அதுவும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

யேட்ஸின் கதைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1994-இல் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் அவருடைய கையின் முன்தசை கிழிந்தது. 1997-இல் பின்தசை கிழிந்தது. இரு முறையும் பட்டம் வென்றார், இரண்டாவதற்குப் பிறகு போட்டியிலிருந்து விலகினார். எல்லாவற்றையும் ஒரே உச்ச செட்டில் வைக்கும்போது, அந்த ஒரு நிமிடத்தில் தசைநாணும் முழு விலை கொடுக்கிறது. போட்டி மேடை ஏறாத ஒருவர் அந்த விலையைக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

இடைவெளி விழுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஜப்பானிலிருந்து நல்ல செய்தி இருக்கிறது. ரிகி ஒகசவாரா குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு 24 வாரம் இடைவிடாமல் பெஞ்ச் பிரஸ் போட்டது. இன்னொரு குழு ஆறு வாரம் பயிற்சி, மூன்று வாரம் ஓய்வு என்று மாறி மாறிப் போட்டது. முடிவில் இரு குழுவின் தசையும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்திருந்தது. தேர்வோ, திருமணமோ, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் காலமோ வந்தால் மூன்று வாரம் விட்டுவிட்டுத் திரும்பி வரலாம். முழுவதும் விடவும் தேவையில்லை. அமெரிக்காவின் அலபாமாவில், பெயர் ஒற்றுமையாக இன்னொரு பர்மிங்காமில், 2011-இல் வெளியான ஆய்வில் 70 பேர் வாரம் மூன்று நாள் வீதம் 16 வாரம் பயிற்சி செய்தார்கள். பிறகு 32 வாரத்துக்குச் சிலருடைய அளவு மூன்றில் ஒரு பங்காகவும், சிலருடையது ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைக்கப்பட்டது. தூக்கும் எடை மட்டும் குறைக்கப்படவில்லை. 20 முதல் 35 வயதுக்காரர்கள் ஒன்பதில் ஒரு பங்கிலேயே வளர்த்த தசையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 60 முதல் 75 வயதுக்காரர்களுக்குப் பலம் பெருமளவு நின்றது, தசையின் அளவைக் காக்க அது போதவில்லை. அந்த வயதில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ இப்போதுதான் டம்பெல் தூக்கத் தொடங்கியிருந்தால், பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் வாரந்தோறும் விடாத பயிற்சி தேவை.